கூடைப்பந்து: தோற்றமும் தொடக்கப் பயிற்சியும்



பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய நம்மவர்க்குப் பிள்ளைகளைப் பற்றிய கவலைகள் பல. படிப்பைப் பற்றிய கவலை உண்டு. உடல்நலத்தைப் பற்றிய கவலை உண்டு. தாய்மொழி மறந்துபோகுமோ என்னும் கவலையும் உண்டு. ஆயினும், அப்பிள்ளைகள் மாலைப் பொழுதில் எங்கே, யாரோடு, என்ன விளையாடுகின்றனர் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை எண்ணிப் பார்க்குமாறு நம்மைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றைக் கூறி, அதன் வழியே ஒரு விளையாட்டின் வரலாற்றையும் அதன் அடிப்படைத் திறன்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெங்களூரின் தென்கிழக்கே, ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்தது பொம்மனஹள்ளி. தனி நகராட்சியாக இருந்து 2007ஆம் ஆண்டில் பெருநகரத்தோடு இணைக்கப்பட்ட பகுதி இது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்தது. காலையில் அவற்றின் வாயிலை நோக்கி நடக்கும் பெண்களிடையே கன்னடமும் தெலுங்கும் இந்தியும் தமிழும் கலந்து ஒலிக்கும். 2010ஆம் ஆண்டில் இதன் தலைக்கு மேலே மேம்பாலச் சாலை வந்தது. 2025ஆம் ஆண்டில் மெட்ரோ ரயிலும் வந்தது. வீடுகள் பெருகின, வாகனங்கள் பெருகின, குழந்தைகள் ஓடியாடும் இடம் மட்டும் சுருங்கிற்று.

அங்கே உட்தெரு ஒன்றில் சிறிய சிமெண்டுத் தளம் ஒன்று உண்டு. அதன் ஒரு முனையில் இரும்புத் தூணும் பலகையும் வளையமும் நிற்கின்றன. மாலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அங்கே கூடைப்பந்து ஆடுவர். அவர்களுள் ஒரு சிறுமி, நம் தெருவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவள், வயது பதின்மூன்று. அவளுடைய தந்தையார் ஒருநாள் நம்மிடம் வந்து, “சார், நம் ஊரில் கபடி தெரியும், கிரிக்கெட் தெரியும். இது என்ன விளையாட்டு என்றே எனக்குத் தெரியவில்லை. பெரிய இடத்துப் பிள்ளைகள் ஆடுவது என்கிறார்கள். தெரியாத ஒன்றுக்கு வயது வந்த பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது?” என்று கேட்டார்.

கேள்வி நேர்மையானது. மகளின் மேல் உள்ள அன்பும், தாம் அறியாத ஒன்றைப் பற்றிய அச்சமும் அக்கேள்வியில் கலந்திருந்தன. அச்சத்தைப் போக்குவதற்கு அறிவைப் போன்ற மருந்து வேறில்லை. அவருக்கு நாம் கூறியதையே சற்று விரித்து உங்களுக்கும் கூறுகின்றோம்.

பிறந்த கதை

பெரும்பாலான விளையாட்டுக்களுக்குப் பிறந்த நாள் தெரியாது. கபடியை முதலில் ஆடியவர் யார் என்று எவரும் கூற இயலாது. கூடைப்பந்தோ அவ்வாறன்று. அது பிறந்த ஊர், ஆண்டு, திங்கள், அதனைப் படைத்தவர் பெயர் ஆகிய அனைத்தும் நமக்குத் தெரியும். அமெரிக்க நாட்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ இளைஞர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிப் பள்ளியில், 1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அது பிறந்தது. படைத்தவர் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர்.

நைஸ்மித் அமெரிக்கர் அல்லர். 1861இல் கனடா நாட்டில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தவர். வேற்று நாட்டுக்குச் சென்று வேலை பார்த்த ஒருவர் படைத்த விளையாட்டு இது என்பதை, வேற்று மாநிலத்தில் வாழும் நாம் நினைவிற் கொள்வது பொருத்தமே.

அந்நாட்டில் குளிர்காலத்தில் திறந்தவெளியில் ஆட இயலாது. பனி மூடிய அம்மாதங்களில் மாணவர்கள் கூடத்தின் உள்ளே உடற்பயிற்சி மட்டுமே செய்து வந்தனர். ஒரே வகையான பயிற்சி அவர்களுக்குச் சலிப்பைத் தந்தது. பதினெட்டு மாணவர் அடங்கிய ஒரு வகுப்பு எவருக்கும் அடங்காத வகுப்பு என்று பெயர் பெற்றது. முன்பு அவ்வகுப்பை எடுத்துக்கொண்ட ஆசிரியர் இருவர் தோல்வியுற்றனர். பள்ளியின் உடற்கல்வித் தலைவராகிய லூதர் கூலிக், அதனை நைஸ்மித்திடம் ஒப்படைத்து, கூடத்திற்குள் ஆடத்தக்க புதிய விளையாட்டு ஒன்றைப் பதினான்கு நாட்களில் அமைக்குமாறு பணித்தார்.

நைஸ்மித் முதலில் கால்பந்து முதலிய விளையாட்டுக்களையே சிறிது மாற்றிக் கூடத்திற்குள் ஆடச் செய்து பார்த்தார். மோதலும் காயமுமே மிஞ்சின. பிறகுதான் அவர் ஆழ்ந்து சிந்திக்கலானார். அச்சிந்தனையின் ஒழுங்கே இவ்விளையாட்டின் திறவுகோல்.

முரட்டுத்தனம் ஏன் வருகின்றது? பந்தைக் கையில் ஏந்தி ஒருவன் ஓடுவதனால், அவனைத் தடுக்க மற்றவன் அவன்மேல் பாய்கின்றான். ஆதலால் பந்துடன் ஓடுவதையே விலக்கிவிட்டால், பாய வேண்டிய தேவையே இராது. இது அவர் கண்ட முதல் உண்மை. இனி, இலக்கு தரையோடு தரையாய் நின்றால், பந்தை வேகமாக எறிபவனே வெல்வான். இலக்கைத் தலைக்கு மேலே உயர்த்தி, அதன் வாயை வான்நோக்கி அமைத்துவிட்டால், பந்தை வளைவாக, மென்மையாக எறிந்தாலன்றி அது உள்ளே விழாது. வலிமையைவிடக் குறியே பெரிதாகும். இது இரண்டாவது உண்மை. சிறு வயதில் கனடாவில், பாறைமேல் வைத்த கல்லை எறிந்து வீழ்த்தும் விளையாட்டில், விசையாக எறிந்தவனைவிட வளைத்து எறிந்தவனே நலமாக ஆடியதை அவர் அப்போது நினைவுகூர்ந்தாராம்.

இலக்காக வைப்பதற்கு இரண்டு பெட்டிகள் வேண்டும் என்று பள்ளியின் காவற்பணியாளரிடம் கேட்டார். பெட்டி கிடைக்கவில்லை, பீச்சுப்பழக் கூடைகள் இரண்டு கிடைத்தன. கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் அவற்றை அறைந்தனர். அக்கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. ஆகவே கூடையும் பத்தடி உயரத்தில் நின்றது. இன்று உலகெங்கும் வளையம் 3.05 மீட்டர், அதாவது அதே பத்தடி உயரத்தில் நிற்பதற்குக் காரணம் அந்த மாடமே!

பதின்மூன்று விதிகளை எழுதிப் பலகையில் ஒட்டினார் நைஸ்மித். பதினெட்டு மாணவரும் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பிரிந்து, கால்பந்து ஒன்றைக் கொண்டு ஆடினர். அந்த முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு முறைதான் பந்து கூடைக்குள் விழுந்தது. விழுந்த பந்தை ஏணி வைத்தே எடுக்க வேண்டியிருந்தது. கூடைக்கு அடிப்பாகம் இருந்ததன்றோ? விளையாட்டுக்குத் தம் பெயரையே வைக்கலாம் என்று மாணவர் ஒருவர் கூறியபோது நைஸ்மித் சிரித்து மறுத்துவிட்டாராம். கூடையும் பந்தும் இருப்பதால் ‘பாஸ்கெட் பால்’ என்று அம்மாணவரே பெயரிட்டார். நம் மொழியில் கூடைப்பந்து என்கின்றோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இத்துணை எளிதாகத் தமிழில் வந்து அமர்ந்த பெயரைக் காணும்போது ஒரு மகிழ்ச்சி.

பின்னர் வந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஒரு தேவையின் காரணமாகவே வந்தன. மாடத்தில் நின்று பார்த்தவர்கள் கை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டமையால், கூடைக்குப் பின்னே பலகை வந்தது. ஏணி ஏறும் தொல்லை தீர இரும்பு வளையமும், பின்பு அடியற்ற வலையும் வந்தன. ஒரு பக்கத்துக்கு ஐவர் என்னும் எண்ணிக்கை 1897இல் நிலைபெற்றது.

தந்தையாரின் ஐயம் பெண்பிள்ளையைப் பற்றியதாதலின், மற்றொன்றையும் கூறவேண்டும். விளையாட்டு பிறந்த மறு ஆண்டே, 1892இல், அருகிலிருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்னும் ஆசிரியை அதனைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். அவரும் சிறு வயதில் லித்துவேனியாவிலிருந்து அமெரிக்காவிற் குடியேறியவரே. எனவே, கூடைப்பந்து ஆடவர்க்கென்று வளர்ந்து பின்னர் மகளிர்க்கு வழங்கப்பட்டதன்று. ஏறக்குறைய பிறப்பிலிருந்தே அது இருபாலார்க்கும் உரியது.

நம் நாட்டுக்கு வந்த கதை

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாக ஆடவர் பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. முதியவராகிவிட்ட நைஸ்மித் அங்குச் சென்று அதனை நேரிற் கண்டார். திறந்தவெளி மண்தளத்தில், கொட்டும் மழையில் நடந்த இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா கனடாவை வென்றது. 1939இல் அவர் மறைந்தார். மகளிர் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் இடம்பெற 1976ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

நம் நாட்டில் இவ்விளையாட்டு பரவியதற்கு ஒய்.எம்.சி.ஏ. இயக்கமே முதற்காரணம். அதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. நைஸ்மித் பணியாற்றிய அதே ஸ்பிரிங்ஃபீல்டுப் பள்ளியிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920ஆம் ஆண்டில் உடற்கல்வி ஆசிரியர்க்கான பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுவே. அங்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பல மாநிலங்களின் பள்ளிகளுக்குச் சென்று விளையாட்டுக்களைக் கற்பித்தனர். ஆடவர்க்கான தேசியப் போட்டி 1934இல் தில்லியில் முதன்முதல் நடைபெற்றது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950இல் அமைந்தது. 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஆடவர் அணி ஆடிற்று.

பெங்களூருக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. 2017ஆம் ஆண்டு ஜூலையில் ஆசிய மகளிர் கோப்பைப் போட்டி இந்நகரில் நடைபெற்றது. அதன் இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தில், இந்திய மகளிர் கசக்ஸ்தான் அணியை 75க்கு 73 என்னும் கணக்கில் இரண்டே புள்ளிகளில் வென்றனர். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை பல்லாண்டுகள் இந்தியாவுக்காக ஆடியவர். இந்திய அணிக்குத் தலைமையும் தாங்கியவர். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இது ‘பெரிய இடத்துப் பிள்ளைகளின்’ விளையாட்டு என்பது உண்மையாயின், உலகெங்கும் ஊர்ப்புறத் தெருக்களில் ஒற்றைக் கம்பத்தின் கீழே இத்தனை ஏழைப் பிள்ளைகள் ஆடமாட்டார்கள். பந்து ஒன்றும் வளையம் ஒன்றும் இருந்தால் பத்துப் பிள்ளைகள் ஆடலாம்.

களமும் விதியும்

இனி, ஆட்டத்தின் அமைப்பைக் காண்போம். முழு ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. இரு முனையிலும் பலகையும், 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையமும் உண்டு. ஓர் அணியில் பன்னிருவர் இருக்கலாம். களத்தில் ஒரு நேரத்தில் ஐவரே ஆடுவர். பத்து நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். களத்திலிருந்து எறிந்த பந்து வளையத்துள் விழுந்தால் இரண்டு புள்ளிகள், 6.75 மீட்டர் தொலைவில் வரைந்த வளைகோட்டுக்கு வெளியிலிருந்து விழுந்தால் மூன்று; எதிரணியின் தவற்றுக்காக வழங்கப்படும் தனி எறிக்கு ஒன்று. ஓர் அணி பந்தைப் பெற்றால் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டும். ஒருவர் ஐந்து தவறுகள் செய்தால் அவ்வாட்டத்தில் மேலும் ஆட இயலாது.

இடம் குறைந்த நகர்ப்புறத்துக்கு ஏற்ற குறுவடிவம் ஒன்றும் உண்டு. ஒரே வளையத்தின் கீழ், பக்கத்துக்கு மூவராக ஆடுவது அது. பத்து நிமிடம் ஆடுவர்; அதற்குள் 21 புள்ளி எடுத்த அணி உடனே வென்றதாகும். டோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடைபெற்றபோது இதுவும் பதக்கப் போட்டியாயிற்று. பொம்மனஹள்ளிப் பிள்ளைகள் இடமின்மையால் ஆடிவந்த ஆட்டத்தின் வடிவம், உலக அரங்கிலும் ஏற்கப்பெற்ற வடிவமே.

அடிப்படைத் திறன்கள்

முன்னே கூறிய நைஸ்மித்தின் இரண்டு உண்மைகளை மறவாதிருந்தால், திறன்கள் அனைத்தும் எளிதில் விளங்கும். பந்துடன் ஓடலாகாது, ஆதலின் தட்டுதலும் வழங்குதலும் தோன்றின. இலக்கு உயரத்தில் உள்ளது. ஆதலின் வளைத்து எறிதல் தோன்றிற்று. திறன் ஒவ்வொன்றும் ஒரு விதியின் குழந்தை என்றே கூறலாம்.

முதலாவது, நிற்கும் நிலை. பாதங்கள் தோளகலத்துக்கு விலகி நிற்க வேண்டும். முழங்கால் சிறிது மடிய வேண்டும். உடலின் பாரம் குதிகாலில் அன்றி முன்பாதத்தில் தங்க வேண்டும். தலை நிமிர்ந்திருக்க வேண்டும். விறைத்து நிற்பவன் எப்பக்கமும் விரைந்து நகர இயலாது. எல்லாத் திறன்களும் இந்நிலையிலிருந்தே தொடங்குகின்றன.

இரண்டாவது, பந்தைப் பிடித்தலும் வழங்குதலும். விரல்களை அகல விரித்து, விரல் நுனிகளாலும் அவற்றின் அடிப்பாகத்தாலும் பந்தைப் பற்ற வேண்டும், உள்ளங்கையால் அறையலாகாது. வரும் பந்தைக் கைநீட்டி எதிர்கொண்டு, பிடித்தவுடன் மார்பை நோக்கி இழுத்துக்கொள்ள வேண்டும். வழங்குதலைக் களத்தில் ‘பாஸ்’ என்பர். மார்பருகே இரு கைகளால் பிடித்த பந்தை, ஓரடி முன்வைத்து, முழங்கைகளை நீட்டி, மணிக்கட்டை வெளிநோக்கித் திருப்பி, தோழரின் மார்புக்கு நேரே அனுப்புவது ஒரு வகை. இடையில் எதிரி நின்றால் பந்தைத் தரையில் ஒருமுறை துள்ளச் செய்து அனுப்புவது மற்றொரு வகை. இருவருக்கும் இடையேயுள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கடந்த இடத்தில் பந்து தரையைத் தொட்டால், அது தோழரின் இடுப்பளவில் சென்று சேரும். தலைக்கு மேலிருந்து அனுப்புவது மூன்றாவது வகை. எவ்வகையாயினும், தோழர் இருக்கும் இடத்துக்கன்று, அவர் ஓடிச் சேரவிருக்கும் இடத்துக்குப் பந்தை அனுப்புவதே தேர்ந்தவர் வழக்கம்.

மூன்றாவது, தட்டிச் செல்லுதல். ‘டிரிபிள்’ என்று பிள்ளைகள் கூறுவது இதனையே. பந்துடன் ஓடக்கூடாது என்ற விதியால் கட்டுண்ட முதல் ஆட்டக்காரர்கள், சூழப்பட்டபோது பந்தைத் தரையில் விட்டுத் தாமே மீண்டும் எடுத்துக்கொண்டனர். அதுவே வளர்ந்து ஒரு கலையாயிற்று. பந்தை அடித்தல் கூடாது. விரல்களால் தரையை நோக்கித் தள்ள வேண்டும். பந்து இடுப்புக்கு மேல் எழலாகாது. எதிரி அருகில் இருந்தால் முழங்கால் அளவே போதும். கண்கள் பந்தைப் பார்க்கலாகாது. களத்தைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் இது இயலாது போலத் தோன்றும். அம்மியில் அரைக்கும் தாய் கையைப் பாராமலே பேசிக்கொண்டு அரைப்பதைக் கண்டதில்லையா? பழக்கத்தால் வருவது அது. வலக்கைக்கும் இடக்கைக்கும் சமமான பயிற்சி வேண்டும். ஒருமுறை தட்டுவதை நிறுத்திப் பந்தைக் கையிற் பிடித்துவிட்டால் மீண்டும் தட்டலாகாது. இரு கைகளாலும் ஒருங்கே தட்டுதலும் தவறு.

நான்காவது, ஊன்றுகால். நின்றபடி பந்தைப் பிடித்தவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மறுகாலை எப்பக்கமும் வைத்துத் திரும்பலாம். செக்குக்கு நடுமரம் போன்றது அந்த ஊன்றுகால். பந்து கையில் இருக்கும்போது அது பெயர்ந்து நடந்தால் தவறாகும். ஓடிக்கொண்டே பந்தைக் கைக்கொண்டவர் இரண்டு அடிகளுக்குள் நிற்க வேண்டும். அல்லது பந்தை விட்டுவிட வேண்டும். புதிதாக ஆடுவோர் மிகுதியாகச் செய்யும் பிழை இதுவாதலின், இதனைத் தனியே பழகுதல் நன்று.

ஐந்தாவது, கூடையில் எறிதல். வலக்கையர் வலப்பாதத்தைச் சிறிது முன்வைத்து நிற்க வேண்டும். வலக்கை விரல்கள் பந்தின் பின்னும் அடியிலும் தாங்க, இடக்கை பக்கத்தில் துணையாக மட்டும் இருக்க வேண்டும். முழங்கை பக்கவாட்டில் விரியாமல் பந்தின் கீழேயே அமைய வேண்டும். முழங்காலை மடித்து எழும் விசை, இடுப்பு, தோள், முழங்கை வழியாக ஏறி, மணிக்கட்டில் வந்து முடிய வேண்டும். பந்தை விட்டபின் கை, உயரத்திலிருக்கும் பானைக்குள் விரல் விடுவதுபோல வளைந்து ஒரு கணம் நிற்க வேண்டும். கண் வளையத்தை விட்டு அகலலாகாது. தொலைவிலிருந்து எறியும் ஆசை பிள்ளைகளுக்கு இயல்பு. அதனால் முறை கெடும். வளையத்துக்கு ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து தொடங்கி, பத்து எறிகளில் ஏழு விழுந்த பின்னரே ஓரடி பின்னே செல்வது நல்ல வழி.

ஓடிவந்து கூடையருகே இடும் எறியை ‘லே-அப்’ என்பர். வலப்பக்கத்திலிருந்து வருபவர் பந்தைக் கைக்கொண்டு வலக்கால், இடக்கால் என இரண்டு அடி வைத்து, இடக்காலால் எழும்பி, வலமுழங்காலை உயர்த்தி, வலக்கையால் பந்தைப் பலகையில் மெல்லப் படச்செய்து வளையத்துள் விழச் செய்ய வேண்டும். இடப்பக்கத்தில் இவையனைத்தும் மாறிவரும். முதலில் பந்தின்றி நடந்து பழகி, பின்பு பந்துடன் நடந்து, இறுதியாகவே ஓடிப் பழக வேண்டும்.

ஆறாவது, மீள்பந்தைக் கைப்பற்றலும் தற்காப்பும். எறிந்த பந்துகளிற் பல வளையத்தில் பட்டுத் திரும்பும். அப்போது எதிரிக்கும் கூடைக்கும் இடையே நம் உடலை நிறுத்தி, அவரைத் தள்ளாமல் முதுகால் இடம் பிடித்து, எழும்பி இரு கைகளாலும் பந்தைக் கவர வேண்டும். தற்காப்பில் கால்களைப் பின்னலாகாது. பக்கவாட்டில் வழுக்கி நகர வேண்டும். எதிரியின் இடுப்பைக் கண்காணிக்க வேண்டும்; கையும் தலையும் ஏமாற்றலாம், இடுப்பு ஏமாற்றாது. கையை நீட்டி அடிப்பதைவிடக் காலை நகர்த்தி வழியை மறிப்பதே தற்காப்பு.

வீட்டுப் பயிற்சியும் பாதுகாப்பும்

வளையம் இல்லாத இடத்திலும் பயிற்சி நடைபெறலாம். சுவர் ஒன்றின் முன் மூன்று மீட்டர் தள்ளி நின்று, அதில் வரைந்த குறியில் நூறு முறை பந்தை வழங்கிப் பிடிக்கலாம். மாடியில் நின்று வலக்கையால் ஐம்பது, இடக்கையால் நூறு எனத் தட்டலாம். இடக்கைக்கு இருமடங்கு வேண்டும் என்பதை மறவற்க. மல்லாந்து படுத்து, பந்தை மேல்நோக்கி எறிந்து அதே கையில் பிடித்து மணிக்கட்டைப் பழக்கலாம். கீழ்வீட்டார் உறங்கும் நேரத்தில் தட்டாதிருத்தல் நற்பண்பு. வாடகை வீட்டில் வாழும் நமக்கு அது பாதுகாப்புங்கூட!

பந்திலும் அளவுகள் உண்டு. ஆடவர்க்கு 7ஆம் எண், மகளிர்க்கு 6ஆம் எண், சிறுவர் சிறுமியர்க்கு 5ஆம் எண். சிறுவர்க்குப் பெரிய பந்தைக் கொடுத்தால் கையின் முறையே கெட்டுவிடும். சிறுவர் ஆட்டத்தில் வளையத்தையும் 2.60 மீட்டருக்குத் தாழ்த்தி வைப்பதுண்டு.

இவ்விளையாட்டில் மிகுதியாக நேர்வது கணுக்கால் பிசகுதல். வெறுங்காலிலும் செருப்பிலும் சிமெண்டுத் தளத்தில் ஆடலாகாது. வழுக்காத அடிப்பாகமுள்ள காலணி ஒன்று போதும், விலையுயர்ந்தது வேண்டுவதில்லை. ஆடுமுன் பத்து நிமிடம் மெல்ல ஓடி உடலைச் சூடேற்ற வேண்டும். மோதிரம், வளையல், தொங்கும் காதணிகளைக் கழற்ற வேண்டும். நகத்தை வெட்ட வேண்டும். இடையிடையே நீர் பருக வேண்டும். கால் பிசகினால், எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு மீண்டும் ஆடச்செய்தல் தவறு. ஓய்வு தந்து, துணியிற் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, காலை உயர்த்தி வைக்க வேண்டும். நிற்க இயலாத வலியாயின் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆட்டத்தின் பயன்

உடலுக்கு வரும் பயனைக் கூறவேண்டுவதில்லை. வேற்று மொழியிடையே வாழும் நம் பிள்ளைகளுக்கு வேறொரு பயனும் உண்டு. அச்சிறுமி ஊரிலிருந்து வந்து இங்குப் பள்ளியிற் சேர்ந்தபோது கன்னடம் அறியாள். வகுப்பில் பேசாமல் ஒதுங்கியிருந்தாளாம். களத்திலோ அவளுக்கு மொழி தடையாகவில்லை. ‘கொடு’ என்று கன்னடப் பெண் கூவினாள். தமிழிலும் அது ‘கொடு’ தானே? ‘ஓடு’ என்பது இரண்டு மொழியிலும் ‘ஓடு’. நம்முடைய ‘பிடி’ அவர்களுக்கு ‘ஹிடி’; நம்முடைய ‘வா’ அவர்களுக்கு ‘பா’. பகரம் ஹகரமாகவும், வகரம் பகரமாகவும் மாறும் முறையை இலக்கண நூலில் நாம் கற்றோம். அவள் பந்தின் பின்னே ஓடிக் கற்றாள். மூன்று மாதத்தில் வகுப்பிலும் அவள் வாய் திறந்தது என்று அவளுடைய தாயாரே நம்மிடம் கூறினார்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் விளையாட்டை விடுகின்றனர். உண்மையில், விடுமாறு செய்யப்படுகின்றனர். எலும்பும் தசையும் உறுதிபெறும் பருவமும், தன்னம்பிக்கை வேரூன்றும் பருவமும் அதுவே. அப்பருவத்தில் ஆட்டத்தை நிறுத்தினால் இழப்பது ஒரு பந்தை மட்டுமன்று. தந்தையாருக்கு இதனை நாம் கூறியபோது அவர் மறுக்கவில்லை. “அதெல்லாம் சரி, சார். இருட்டிய பிறகு யார் கூட்டி வருவது?” என்று மட்டும் கேட்டார். அது வெறும் சாக்கன்று. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் குடும்பத்தின் உண்மையான இடர்.

ஆகவே தெருவிலுள்ள பெற்றோர் சிலர் கூடிப் பேசினோம். பெண்பிள்ளைகளின் ஆட்டம் பள்ளி விட்டவுடன் தொடங்கி ஆறு மணிக்கு முடிவது என்றும், தொழிற்சாலையிலிருந்து அவ்வழியே திரும்பும் தாய்மார் இருவர் பிள்ளைகளை ஒருங்கே அழைத்து வருவது என்றும் முடிவாயிற்று. அவ்விருவருள் ஒருவர் கன்னடத்தவர், மற்றவர் நம்மவர். உங்கள் ஊரிலும் இத்தகைய ஏற்பாடு கடினமன்று. பூனாவிலோ, சூரத்திலோ, தில்லியிலோ, நீங்கள் வாழும் பகுதியின் பள்ளியிலோ பூங்காவிலோ வளையம் ஒன்று நிற்கின்றதா என்று பாருங்கள். நின்றால் பிள்ளையை அழைத்துச் சென்று ஒரு மாலை உடனிருங்கள்.

சென்ற ஞாயிறு அத்தந்தையார் களத்தின் ஓரத்தில் நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு இடக்கையால் தட்டுவது இன்னும் கைவரவில்லை. மூன்று முறை பந்தை இழந்தாள். வீடு திரும்பும்போது அவர் நம்மிடம், “சார், இடக்கைக்கு நூறு என்றீர்களே, அது ஒரு நாளைக்கா, ஒரு வாரத்துக்கா?” என்று கேட்டார். ஒரு நாளைக்கு என்று விடையளித்தோம்.